ஓர் ஆள் இடம்

ரயில்பாலத்தில் விரிசல் விழுந்த ஆண்டிலிருந்து, ஆற்றின் இக்கரையில் குடியிருந்தவர்கள் முறைவைத்து மூச்சுவிட்டார்கள். மாற்றுப் பேருந்தின் முன்பாதியில் நின்றவர்கள் மூச்சை இழுக்கும்போது பின்பாதியில் நின்றவர்கள் வெளியே விட்டார்கள். பிறகு பின்பாதியினர் இழுத்தார்கள், முன்பாதியினர் விட்டார்கள். எல்லோருடைய மார்பும் ஒரே சமயத்தில் விரிவதற்கு அந்த வண்டிக்குள் இடம் இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. முதலில் சிரமமாக இருந்தது. புதுச் செருப்புக் கடிப்பது பழகிவிடுவதைப் போல, பிறகு அதுவும் பழகிவிட்டது.

பாலம் விரைவில் சீர்செய்யப்படும் என்றும், அதுவரை தற்காலிகமாக மாற்றுப் பேருந்து இயக்கப்படும் என்றும் நிலைய வாசலில் ஒரு பலகை தொங்கியது. யார் சீர்செய்வார், யார் இயக்குவார் என்று அது சொல்லவில்லை. எழுவாயை விழுங்கிவிட்டு வாக்கியம் எழுதுகிறவர்கள், பொறுப்பையும் அப்படியே விழுங்கிவிடுவார்கள் என்பது போகப்போகத்தான் ஊருக்கு விளங்கியது. தற்காலிகம் என்ற சொல் வெயிலில் வெளுத்து, மழையில் கரைந்து, இரண்டு முறை புதிதாகத் தீட்டப்பட்டது. வீடுகள் எல்லாம் இக்கரையில். தொழிற்சாலைகளும் மருத்துவமனையும் சந்தையும் அக்கரையில். ஒரு முழு ரயில் சுமந்துசென்ற கூட்டத்தை, ஊரைச் சுற்றிக்கொண்டு பழைய கற்பாலம் வழியாகப் போன ஒற்றைப் பேருந்து சுமந்தது.

கூட்டத்தை உள்ளே திணிப்பதற்கென்றே நிர்வாகம் ஓர் ஆளை நியமித்திருந்தது. ரயில் ஓடிய காலத்தில் அவர் பயணச்சீட்டுப் பரிசோதகர். தோள் அகலமானவர் என்பதால் இந்தப் பணிக்கு மாற்றப்பட்டார். ஊர் அவருக்குத் ‘தோள்பட்டை’ என்று பெயர் வைத்தது. கதவுப்படியில் ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக அழுத்தியபடியே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் கிடக்கு!" என்று கூவுவார். நடுவில் எள் விழ இடம் இருக்காது. "நடுவுல காலியா இருக்கறது உன் மண்டைதான்யா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அது பெரும்பாலும் கறிக்கடைக்காரருடைய குரலாக இருக்கும். அவர் பெருத்த உடம்புக்காரர். அக்கரைச் சந்தையில் கடை வைத்திருந்தார். ஏறும்போதே வேடிக்கைப் பேச்சும் அவரோடு ஏறிக்கொள்ளும்.

அந்த வண்டிக்குள் யாருடைய காலும் தரையைத் தொட்டதில்லை. ஏறியவர்கள் பக்கத்து உடம்புகளின் அழுத்தத்திலேயே ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு போனார்கள். மூக்கு அரித்தால், கைக்கு எட்டிய மூக்கைச் சொறிந்தார்கள். அது அடுத்தவருடைய மூக்காக இருந்தாலும் அரிப்பு நின்றது. ஒருவருடைய சட்டைப் பொத்தான் இன்னொருவருடைய பொத்தான் துளையில் மாட்டிக்கொண்டு, இருவரும் ஒன்றாகவே அலுவலகம் வரைக்கும் போன நாள்களும் உண்டு. "இறங்கும்போது எந்தக் கால் யாருதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும் போல" என்பார் கறிக்கடைக்காரர். வண்டி முழுவதும் சிரிக்கும். ஆனால் பாதிப் பாதியாகச் சிரிக்கும், முன்பாதி முதலில், பின்பாதி பிறகு.

மூச்சுமுறையை ஏற்படுத்தியவர் இசைக்குழுவில் எக்காளம் ஊதுகிறவர். தொடக்கத்தில் பலர் மயங்கினார்கள். ஒரு தபால்காரருக்கு விலா எலும்பு முறிந்தது. அப்போது எக்காளக்காரர்தான், குழுவில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துபோகும், அதனால் மாற்றி மாற்றி எடுப்போம் என்று சொல்லி, "முன்னாடி... பின்னாடி..." என்று மெல்லக் குரல் கொடுக்கத் தொடங்கினார். ஒரு வாரத்தில் குரல் தேவைப்படவில்லை. ஒரு மாதத்தில், வண்டியைவிட்டு இறங்கியவர்களும் அப்படியே மூச்சுவிட்டார்கள். கணவன் இழுத்தால் மனைவி விட்டாள். தெருவின் இடப்பக்க வீடுகளில் சன்னல் திரைகள் உள்ளே உறிஞ்சப்படும்போது வலப்பக்க வீடுகளில் வெளியே உப்பின. கொடியில் காய்ந்த துணிகள் தெருவின் குறுக்கே ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன. நிர்வாகத்தினர் இதைக் கேள்விப்பட்டு, பயணிகள் புதிய ஏற்பாட்டுக்கு நன்கு ஒத்துழைக்கிறார்கள் என்று மகிழ்ச்சி தெரிவித்தார்கள்.

மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ஓர் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அதை மறுபடி நனைத்து முதலிலிருந்து தொடங்குகிறவள். தங்கை குடைத் தொழிற்சாலையில் கம்பிகளுக்குத் துணி கோத்துத் தைக்கிறவள். தொழிற்சாலை கழித்துப்போட்ட, ஒரு கம்பி கோணலான குடை ஒன்றைத்தான் இருவரும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கோணல் பக்கத்தில் எப்போதும் தங்கையே நடந்தாள். அவளுடைய வலத்தோள் மழைக்காலம் முழுவதும் ஈரமாகவே இருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "எங்க வீட்டுல மூணாவது ஆளுக்கு ஏதுங்க எடம்? நானே ராத்திரி அக்காவைத் தள்ளிக்கச் சொல்லித்தான் படுக்கறேன்" என்று சிரிப்பாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி. ரயில் ஓடிய காலத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் அடுத்த நிலையத்தில் ஏறுகிறவருக்கு அது. அக்கா திட்டுவாள், தங்கை தலையாட்டுவாள், மறுநாளும் அதுவே நடக்கும்.

ரயிலில் இருக்கையை விட்டுக்கொடுத்தவர்கள், இருக்கையே கண்ணில் படாத பேருந்தில் மூச்சுமுறையை விட்டுக்கொடுத்தார்கள். வயதானவர் திணறினாலோ, பிள்ளைத்தாய்ச்சிக்கு மயக்கம் வந்தாலோ, பக்கத்தில் நிற்பவர் தம் முறை வரும்போது மார்பை விரிக்காமல் ஒடுக்கிக்கொள்வார். அந்த இடத்தில் மற்றவர் இரண்டு பங்கு இழுத்துக்கொள்வார். கையை அசைக்க முடியாது என்பதால், "நீங்க எடுத்துக்கங்க" என்று சொல்வதே வழக்கமாயிற்று. அதை நல்ல பண்பு என்று ஊர் பாராட்டியது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மட்டும் நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. இருக்கையைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்பதில்லை அல்லவா, அதைப்போலத்தான் இதுவும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஊரார் செய்த தவறு இது ஒன்றுதான். தங்கையோ ஒரு பயணத்தில் பலமுறை விட்டுக்கொடுத்தாள். முகம் வெளுத்துப்போய் இறங்குவாள்.

"மூச்சைத் தானம் பண்ண நீ என்ன பெரிய கொடைவள்ளலா?" என்று அக்கா இறங்கியதும் பிடித்துக்கொள்வாள்.

"ஒரு முறைதானேக்கா. அடுத்த முறை ரெண்டா எடுத்துக்கறேன்."

"எங்க எடுத்த? நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ எதுக்கு என்னையே பாக்கற? சன்னலைப் பாத்துக்கிட்டு வா. போற வழியில எவ்வளவு தென்னை... சரி சரி, முறைக்காத. நாளையிலேருந்து யாருக்கும் இல்ல. உனக்கு மட்டும்தான்."

அது பெருமழை பெய்த ஒரு காலை. முந்தைய நடைக்கு வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நடைக் கூட்டத்தையும் தோள்பட்டை ஒரே நடையில் ஏற்றினார். மழைக்காகச் சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. அக்கா முன்பாதியில் அகப்பட்டுக்கொண்டாள். தங்கை பின்பாதியின் தொடக்கத்தில், மூன்றாம் கம்பத்தின் அருகில், கறிக்கடைக்காரரை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு இடையே மூன்று நான்கு பேர்தான் இருந்தார்கள். ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாததால், கம்பத்தில் தொங்கிய தோல்வாரைப் பிடித்திருந்த தங்கையின் கை மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. வண்டி கற்பாலத்தை நெருங்கும்போது கறிக்கடைக்காரருக்கு இருமல் வந்தது. இருமுகிறவனுக்கு ஒரு முறை மூச்சுப் போதாது. "நீங்க எடுத்துக்கங்க அண்ணே" என்ற தங்கையின் குரல் அக்காவுக்குக் கேட்டது. சாயங்காலம் இவளை என்ன செய்கிறேன் பார் என்று அவள் மனத்துக்குள் கறுவிக்கொண்டாள். இருமல் நிற்கவில்லை. "எடுத்துக்கங்க" என்று மறுபடியும் கேட்டது. மூன்றாம் முறை அந்தக் குரல் ஈரத்துணியைப் போலச் சோர்ந்து வந்தது.

அக்கா கத்த வாயெடுத்தாள். ஆனால் பின்பாதி விடும் முறையில்தான் தங்கை பேசியிருந்தாள். அது முன்பாதி இழுக்கும் முறை. இழுக்கும்போது பேச முடியாது. தான் விடும் முறை வரட்டும் என்று அக்கா காத்திருந்தாள். வந்ததும், "போதும்டி! நீ எடு!" என்று கத்தினாள். பதில் இல்லை. அது பின்பாதி இழுக்கும் முறை. இழுத்துக்கொண்டிருக்கிறாள், விடும்போது சொல்வாள் என்று மீண்டும் காத்திருந்தாள். விடும் முறை வந்தது, குரல் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் போலும் என்று நினைத்தாள். பாலம் கடந்து, சந்தை கடந்து, தோல்வாரைப் பிடித்திருந்த அந்தக் கையைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே, ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்காகக் காத்துக்கொண்டே போனாள். கை வாரை விடவே இல்லை.

கடைசி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியது. அக்கரையின் முதல் நிறுத்தத்திலேயே கறிக்கடைக்காரர், "நன்றிம்மா, உசுரு குடுத்த" என்று பின்னால் திரும்பிப் பாராமல் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். தங்கை நின்றுகொண்டே இருந்தாள். முன்னால் இருந்தவர் போனார், இடப்பக்கத்தவர் போனார், வலப்பக்கத்தில் அவள்மீது சாய்ந்திருந்த கடைசி ஆள் ஓர் அடி எடுத்துவைத்ததும், அவள் தரைக்கு இறங்கினாள். அந்த வண்டியில் தரையைத் தொட்ட முதல் பயணி அவள்தான்.

விசாரணை நடந்தது. பயணி வண்டிக்குள் இருந்த நேரம் முழுவதும் நின்றுகொண்டிருந்தார். இறந்தவர் நிற்க இயலாது. ஆகவே அவர் வண்டிக்குள் இறக்கவில்லை, பயணம் முடிந்து தரையில் விழுந்த பிறகே இறந்தார். பயணம் முடிந்தபின் நேர்வதற்கு நிர்வாகம் பொறுப்பன்று. இப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள் படித்தவர்கள்; அன்று மாலை அவரவர் வீட்டுக்குச் சொந்த வண்டியில் சென்றார்கள். கறிக்கடைக்காரர் விசாரணைக் கூடத்தில் எழுந்து, "அந்தப் பொண்ணு மூச்சு என் நெஞ்சுக்குள்ள இருக்குங்க, வேணும்னா காது வெச்சுக் கேளுங்க" என்று அழுதார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

துக்கம் முடிந்து அக்கா மறுபடி வேலைக்குப் புறப்பட்ட காலை, மாற்றுப் பேருந்தின் மூன்றாம் கம்பத்தின் அருகில் ஓர் ஆள் அளவுக்கு இடம் இருந்தது. அது முந்தைய நாள்களிலும் இருந்திருக்கிறது. அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சுற்றிலும் உடம்புகள் செங்கல்லைப் போல அடுக்கப்பட்டிருக்க, நடுவில் ஒரு பெண் நிற்கும் அகலத்தில் வெற்றிடம். தோள்பட்டை எவ்வளவு அழுத்தினாலும், மேசை விளிம்பில் இடித்துக்கொண்டவர்களைப் போல, ஆள்கள் அதன் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். தோல்வார் மட்டும் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. முன்பாதியின் முறைக்கும் அல்ல, பின்பாதியின் முறைக்கும் அல்ல. அது தன் விருப்பத்துக்கு ஆடியது. வண்டியை மாற்றிப் பார்த்தார்கள். புது வண்டியிலும் மூன்றாம் கம்பத்தின் அருகில் அதே இடம் இருந்தது.

அக்கா அன்றிலிருந்து அந்த இடத்தை ஒட்டியே நின்றாள். மற்றவர்கள் அவளுக்காக விலக முடியாவிட்டாலும் நெளிந்துகொடுத்தார்கள். கழுத்தருகில் வெதுவெதுப்பாகக் காற்று வந்து பட்டது. அதில் குடைத்துணியின் மெழுகு வாசனை இருந்தது. யாருக்கும் கொடுக்காமல், யாரையும் கேட்காமல், அந்தக் காற்று தன் போக்கில் வந்தும் போயும் இருந்தது. இப்பவாவது நல்லா எடுத்துக்கடி என்று அக்கா மனத்துக்குள் சொல்லிக்கொள்வாள். தன் முறையில் வாய்திறக்கும்போதெல்லாம் அன்றாடச் சேதிகளைச் சொல்வாள்: இஸ்திரிப் பெட்டி சூடேற மறுக்கிறது, கீழ்க்கடைக்காரன் மகளுக்குப் பல் முளைத்திருக்கிறது. வீட்டிலோ கட்டிலின் ஒரு பக்கத்தில்தான் இன்னமும் படுத்தாள். மறுபக்கத்து விரிப்பில் மடிப்பு விழுவதேயில்லை. பேருந்துப் பயணத்துக்காகவே அவள் விழித்தெழுந்தாள். ஊரில் அந்தப் பயணத்தை விரும்பிய ஒரே ஆள் அவள்தான். கறிக்கடைக்காரரிடம் மட்டும் அவள் பேசவில்லை. அவர் பாதியாக இளைத்துவிட்டார். வேடிக்கைப் பேச்சும் போய்விட்டது. வண்டியில் அவளுக்குத் தம் முகம் தெரியாதபடி திரும்பி நின்றே வந்தார்.

ஒரு பெண் இறந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. பயணிகள் நிலையத்தின் முன் உட்கார்ந்து கத்தினார்கள்; அதையும் பாதிப் பாதியாகவே கத்தினார்கள். கடைசியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். வண்டி முழுமையாக நிரம்பியிருக்கிறது என்று அவர் கண்டு சொன்னால் இரண்டாவது வண்டி விடப்படும் என்பது விதி. வண்டிக்குள் ஏற அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் ஏறி நின்று சன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்தவுடன் முகம் மலர்ந்தது.

"என்னய்யா இது? நடுவுல ஒரு ஆள் தாராளமா நிக்கலாமே!"

"ஐயா, அது காலி எடம் இல்லீங்க" என்றார் எக்காளக்காரர், தம் முறைக்குக் காத்திருந்து. "அங்க ஆள் இருக்கு."

"எங்க இருக்கு?"

"செத்துப்போச்சுங்க."

"செத்தவங்களுக்கு டிக்கெட் கிடையாது" என்றார் ஆய்வாளர். முக்காலியிலிருந்து இறங்கிக் கால்சட்டையின் தூசியைத் தட்டினார். "இவ்வளவு நாளா நிரம்பிருச்சு, நிரம்பிருச்சுன்னு கத்தினீங்களே. நான் சொல்லலை, என் கண்ணு சொல்லுது, எடம் இருக்கு."

இடம் இருக்கிறது என்று முடிவாகிவிட்டதால் முன்பைவிட அதிகம் பேரை ஏற்றச்சொல்லி உத்தரவு வந்தது. தோள்பட்டைக்கு உதவியாக இன்னொரு தோள்காரரும் நியமிக்கப்பட்டார். "நடுவுல காலியாத்தான் கிடக்கு" என்று கூவும்போது, அது உண்மையாகிவிட்டதால், தோள்பட்டையின் குரல் இப்போது தழுதழுத்தது. அவர் நல்லவர்தாம், வேலைதான் அப்படி. மூச்சு இரண்டு முறையிலிருந்து மூன்று முறையாக்கப்பட்டது: முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம். ஒருவர் இழுத்தால் இரண்டு முறை கழித்துத்தான் மீண்டும் இழுக்கலாம். ஊரில் பேச்சுக் குறைந்தது. வாக்கியங்கள் குட்டையாயின. குழந்தைகள் அழும்போதுகூட நடுநடுவே நிறுத்திக் காத்திருந்தன.

அந்த இடம் இருக்கும்வரை வண்டி நிரம்பாது என்பதும், வண்டி நிரம்பும்வரை மற்றொரு வண்டி வராது என்பதும் எல்லோருக்கும் விளங்கின. அக்காவிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்கள் அவளைத்தான் பார்த்தன. ஒரு விடுமுறை நாளில் கறிக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, வாசலிலேயே நின்றார்.

"நானே போய் நின்னுடலாம்னு பாத்தேன்மா" என்றார். "நாலஞ்சு தடவை பாத்துட்டேன். என்னை விடல. கையால தள்ளுற மாதிரிகூட இல்ல... ‘நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க அண்ணே’ன்னு மரியாதையாச் சொல்ற மாதிரி. அதுதான்மா தாங்க முடியல."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னை விடும்னு நினைக்கறேன்" என்றார் அவர்.

அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகை வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று இருமுவதைக் கேட்டாள். தங்கை இறந்தது ஒரு முறை. தன் கையாலேயே அவளை இரண்டாம் முறை இல்லாமல் ஆக்கச் சொல்கிறார்கள். ஊருக்கு வண்டி வேண்டுமென்றால் ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்று முழுவதும் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நண்பகல் நடையில், அக்காவுக்கு இப்பால் இரண்டு ஆள் தள்ளி ஒரு தையற்காரி நின்றாள். சின்னப் பெண், ஊருக்குப் புதிது, ஊரின் நல்ல பழக்கங்களை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். எக்காளக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே இளைப்பு. அவர் திணறியதும், "நீங்க எடுத்துக்கங்க" என்று அந்தப் பெண் சொல்வது கேட்டது. மூன்று முறைக்கு ஒரு மூச்சு என்றான பிறகு, ஒன்றைக் கொடுத்தவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மீண்டும் முறை வந்தபோது, "எடுத்துக்கங்க" என்று மறுபடியும் அதே சொல், அதே சோர்வோடு வந்தது. அது அக்கா மூச்சை இழுக்கும் முறை. இழுக்கும்போது பேச முடியாது.

அவள் பேசினாள். இழுத்துக்கொண்டிருந்த மூச்சைப் பாதியில் முறித்து, "குடுக்காதடி! குடுக்காத! நீ எடு!" என்று அலறினாள். அந்த வண்டியில் முறை தவறிக் கேட்ட முதல் குரல் அது. வண்டி முழுவதும் ஒழுங்கு குலைந்து ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துவிட்டது. எல்லா மார்புகளும் ஒன்றாக விரிந்ததில் இரண்டு சன்னல்கள் வெளிப்பக்கமாகச் சிதறிச் சாலையில் விழுந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். உடைந்த சன்னல் வழியாகக் காற்று வந்தது. தையற்காரி விக்கி விக்கி இழுத்தாள், பிறகு அழுதாள், கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டதற்காக எக்காளக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் முகத்தை மூடிக்கொள்ளக் கையைத் தேடினார். கை எங்கோ யாருடைய முதுகுக்குப் பின்னாலோ மாட்டியிருந்தது.

அக்கா தோல்வாரைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. இந்தச் சின்னப் பெண்ணும் போயிருந்தால் அவளுடைய அளவுக்கும் இங்கே ஓர் இடம் விழுந்திருக்கும். ஆய்வாளர் முக்காலியில் ஏறி, இப்போது இரண்டு ஆள் இடம் இருக்கிறதே என்று இன்னும் மகிழ்ந்திருப்பார். அதற்காக இன்னும் இருபது பேரை ஏற்றச் சொல்லியிருப்பார். அப்படியே ஒவ்வொருவராகப் போய், கடைசியில் வண்டி முழுவதும் காலியிடமாகிவிட்ட நாளில், கூட்டப் பிரச்சினை தீர்ந்தது என்று பலகை எழுதுவார்கள்.

உடைந்த சன்னல்களுக்கு யார் பொறுப்பு என்று கண்டறிய ஆய்வாளர் மறுபடி வந்தார். மனிதர் இறந்ததற்கு வந்ததைவிட இதற்கு விரைவாகவே வந்தார். அன்று காலை மழை இல்லை. ஆனாலும் அக்கா கோணல் குடையை எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல் ஏற்றப்பட்டு, நெளிந்து, மூன்றாம் கம்பத்தின் அருகில் வந்து சேர்ந்தாள். சன்னலுக்கு வெளியே முக்காலி வைக்கப்படும் ஓசை கேட்டது. கறிக்கடைக்காரர் திரும்பி நின்றிருந்தார். அக்கா அந்த வெற்றிடத்தின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், இரண்டு அறை வீட்டில் இத்தனை காலம் தங்கை தன்னிடம் சொன்னதை, இப்போது தான் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளிக்கடி."

சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தாள். இடம் அவளைத் தடுக்கவில்லை. தூக்கத்தில் ஒருவர் புரண்டு சுவரோரம் ஒதுங்குவதைப் போல ஏதோ மெல்ல நகர்ந்தது. பாதங்கள் தரையைத் தொட்டன. அந்த வண்டிக்குத் தரை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது அவளுக்கு. மெழுகு வாசனை முகத்தை மூடியது. அது யாருடைய முறை என்று எண்ணாமல் மூச்சை இழுத்தாள். ஒரு முறைக்கான மூச்சு அல்ல அது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தபால்காரருக்கும் முதியவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கறிக்கடைக்காரருக்கும் தங்கை விட்டுக்கொடுத்து, யாரிடமும் திருப்பிக் கேட்காத அத்தனை முறைகளும் அங்கே காத்திருந்தன. கடைசியில் அது தீர்ந்தது. சுற்றியிருந்த தோள்கள் அவள்மேல் வந்து மூடின. பாதங்கள் தரையைவிட்டு எழும்பின. தோல்வார் ஆட்டத்தை நிறுத்தியது.

கதவருகில் தோள்பட்டை, "உள்ள போங்க, நடுவுல..." என்று தொடங்கி, மேற்கொண்டு அழுத்த முடியாமல் நிறுத்திக்கொண்டார். ஆய்வாளர் முக்காலியின்மேல் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரிதான்" என்றார் அவர், தமக்குச் சொந்தமான ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தவரைப் போல. "நிரம்பித்தான் இருக்கு."

இரண்டாவது வண்டி அந்த மாதமே வந்தது. பிறகு மூன்றாவதும் வந்தது. கால்கள் தரையைத் தொட்டன. மூச்சு மூன்று முறையிலிருந்து இரண்டாயிற்று. எவரும் எவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பல நாள்களில் அக்காவுக்கு இருக்கையே கிடைத்தது. சன்னலோரம் உட்கார்ந்து, தங்கை பார்க்கச் சொன்ன தென்னைகளைப் பார்த்துக்கொண்டு போனாள். கழுத்தருகில் காற்று வரும். அது வெறும் சன்னல் காற்று. ஒரு நாள் கறிக்கடைக்காரர் ஏறி, இருக்கைகள் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தன் பக்கத்து இருக்கையிலிருந்து குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க அண்ணே" என்றாள். "இருமல் எப்படி இருக்கு?"

அவர் உட்கார்ந்தார். இறங்கும்வரைக்கும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆண்டுகள் பல கழித்துப் பாலம் சீர்செய்யப்பட்டது, பலகை கழற்றப்பட்டது, ரயில் ஓடியது. தோள்பட்டை மறுபடி பயணச்சீட்டுப் பரிசோதகரானார். தையற்காரிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று இழுக்கும்போது மற்றொன்று விட்டது. ரயிலில் எவ்வளவோ இடம் இருந்தும் அந்த ஊரார் முறைவைத்தே மூச்சுவிட்டார்கள். இன்றும் அப்படித்தான் விடுகிறார்கள். முன்பாதி இழுத்து, பின்பாதி இழுத்து, மீண்டும் முன்பாதி தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் எல்லோரும் சும்மா இருப்பார்கள். அப்போது தெருவில் திரைச்சீலைகள் இரு பக்கமும் அசையாமல் தொங்கும். புதிதாக வந்தவர்கள் முதலில் அந்த நேரத்திலும் இழுத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துத் தாமாகவே நிறுத்திக்கொள்வார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த இடைவெளியில் அக்கா மட்டும் இன்னொரு முறை மூச்சை இழுப்பாள். இழுத்து முடிக்கும்வரை ஊர் காத்திருக்கும்.